ஆஸ்பத்திரி மீதான நம்பிக்கை எங்கே உடைகிறது?

ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் பெரிய தவறு நடந்ததாகச் செய்தி வந்தால் உடனே இரண்டு குரல்கள் எழும். 'டாக்டர்கள் எல்லாம் வியாபாரிகள் ஆகிவிட்டார்கள்' என்பது ஒன்று. 'ஜனங்களுக்கு மருத்துவம் புரியாது, அதனால் எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிறார்கள்' என்பது மற்றொன்று. ஒன்று டாக்டரின் குணத்தைக் குறை சொல்கிறது, மற்றது நோயாளியின் அறிவை. இரண்டுமே தொடாமல் விடும் இடம் ஒன்று இருக்கிறது: நிர்வாகம். சம்பளம் எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது, ராத்திரி ஷிப்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள், கெட்ட செய்தி மேலே போக வழி இருக்கிறதா என்பது போன்ற வறட்டு விஷயங்கள். நம்பிக்கை பெரும்பாலும் அங்கேதான் உருவாகிறது, அங்கேதான் உடைகிறது. அது எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

வியன்னாவின் இரண்டு வார்டுகள்

1840-களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. முதல் வார்டில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். எந்த நாளில் வந்து சேர்கிறாரோ அதைப் பொறுத்து ஒரு பெண்ணுக்கு வார்டு அமையும். 1846-ல் முதல் வார்டில் இறந்த தாய்மார்கள் 11 சதவீதத்துக்கும் மேல். இரண்டாவது வார்டில் 3 சதவீதத்துக்கும் குறைவு.

இந்த வித்தியாசம் ஊருக்குத் தெரிந்திருந்தது. முதல் வார்டுக்குரிய நாளில் வந்துவிட்ட பெண்கள் தங்களை அங்கே அனுப்ப வேண்டாம் என்று மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். வழியிலேயே தெருவில் பிள்ளை பெற்றுக்கொண்டு, பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் உண்டு. படித்தவர்கள் சொன்ன காரணங்களோ காற்றில் பரவும் நச்சு, இட நெருக்கடி, பெண்களின் பயம் என்று எங்கெங்கோ போயின. பிணப் பரிசோதனை செய்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வருவதுதான் காரணம் என்று அங்கே வேலை பார்த்த டாக்டர் இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டுபிடித்து, 1847 மே மாதம் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு ஜூனில் ஏறக்குறைய 2 சதவீதமாக இறங்கியது.

அந்தப் பெண்களுக்குக் காரணம் தெரியாது. ஆனால் கணக்கு சரியாகத் தெரிந்திருந்தது. அவர்களின் அவநம்பிக்கையில் ஒரு தகவல் இருந்தது. நிர்வாகம் அதைக் காதில் வாங்கியிருந்தால் பல உயிர்கள் சில வருடங்களுக்கு முன்பே தப்பியிருக்கும். 'மக்களின் நம்பிக்கையை எப்படிக் கூட்டுவது?' என்று இன்று சுகாதார நிர்வாகிகள் மாநாடு போட்டுக் கேட்கும்போது இந்த வார்டு ஞாபகத்துக்கு வர வேண்டும். முதல் வார்டின் மீது நம்பிக்கை வளர்த்திருந்தால் இன்னும் அதிகம் பேர் செத்திருப்பார்கள்.

நம்பிக்கை என்ற சொல்லுக்குள் மூன்று விஷயங்கள்

'எனக்கு அந்த ஆஸ்பத்திரி மேல் நம்பிக்கை இல்லை' என்று ஒருவர் சொல்லும்போது மூன்றில் ஏதாவது ஒன்றைச் சொல்கிறார்.

1. திறமை: இவர்களுக்கு வேலை தெரியுமா?

2. நோக்கம்: இவர்கள் சொல்லும் சிகிச்சை என் நன்மைக்கா, அவர்கள் வருமானத்துக்கா?

3. நேர்மை: ஏதாவது தப்பாகப் போனால் என்னிடம் உண்மையைச் சொல்வார்களா?

திறமை பற்றிய சந்தேகத்தைத் தீர்ப்பது ஓரளவு சுலபம். பட்டம், அனுபவம், நல்ல கருவி என்று காட்டிவிடலாம். விளம்பரங்கள் எல்லாம் இதைத்தான் செய்கின்றன. ஆனால் பொதுவாக நம்பிக்கை சரிவது இரண்டாவது, மூன்றாவது இடங்களில். அங்கே விளம்பரம் எதிர்விளைவைத்தான் தரும். நோக்கத்தைச் சந்தேகிப்பவரிடம் பளபளப்பான கட்டிடத்தைக் காட்டினால், 'இந்தச் செலவை யார் தலையில் கட்டுவார்கள்?' என்றுதான் அவருக்குத் தோன்றும்.

ஆளை நம்புவது வேறு, அமைப்பை நம்புவது வேறு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'எங்கள் டாக்டர் தங்கமானவர், ஆனால் இந்தத் துறையே கெட்டுப்போச்சு' என்று ஒரே மூச்சில் சொல்பவர்கள் ஏராளம். இதில் முரண்பாடு ஏதும் இல்லை. டாக்டரை எதிரே உட்கார்ந்து பார்த்து எடை போடலாம். அமைப்பை அப்படிப் பார்க்க முடியாது. அதன் பில்லும் அதன் மௌனமும்தான் கண்ணுக்குத் தெரியும்.

மருத்துவம் ஏன் மற்ற சந்தைகளைப் போல இல்லை

1963-ல் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ ஒரு கட்டுரையில் இதை விளக்கினார். இவர் 1972-ல் நோபல் பரிசு பெற்றவர். வாதம் எளிமையானது. எப்போது நோய் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தபின் எந்த சிகிச்சை வேலை செய்யும் என்பதும் நிச்சயமில்லை. விற்பவருக்குத் தெரிந்த அளவு வாங்குபவருக்குத் தெரியாது. இந்தக் கடைசி அம்சத்துக்குத் 'தகவல் ஏற்றத்தாழ்வு' என்று பெயர். செருப்பு கடித்தால் அடுத்த முறை வேறு கடைக்குப் போகலாம். குடல்வால் அறுவை சிகிச்சையை இன்னொரு முறை செய்து ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. குணமான பிறகும், அந்த சிகிச்சையால்தான் குணமாயிற்றா, தானாகவே ஆயிற்றா என்பது தெரியாது.

ஆகவே மருத்துவத்தில் நம்பிக்கை என்பது மரியாதைக்காக வைக்கிற சம்பிரதாயம் இல்லை. தகவல் இல்லாத இடத்தை அடைக்க வேறு எதுவும் இல்லாததால்தான் அது அங்கே நிற்கிறது.

டாக்டருக்கே எல்லாம் நிச்சயமாகத் தெரியும் என்றும் எண்ணிவிட வேண்டாம். 1934-ல் அமெரிக்கக் குழந்தைகள் நலச் சங்கம் நியூயார்க்கில் 1,000 பள்ளிப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுக்கப்பட்டிருந்தது. மீதி 389 பேரை டாக்டர்களிடம் காட்டினார்கள். 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். தேவையில்லை என்று விடப்பட்ட 215 பேரை வேறு டாக்டர்களிடம் காட்டினார்கள். அவர்கள் 99 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். அதிலும் மிஞ்சிய 116 பேரை மறுபடியும் காட்டியதில் 51 பேருக்கு அறுவை சிகிச்சை வேண்டும் என்று பதில் வந்தது. கடைசியில் டான்சிலோடு தப்பியவர்கள் 65 பேர்!

ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 45 சதவீதம். கருத்துச் சொல்லத்தான் அந்த டாக்டர்களிடம் கேட்கப்பட்டது, எனவே இதைப் பேராசை என்று எழுதிவிட முடியாது. பார்க்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு எடுக்க வேண்டியிருக்கும் என்ற பழக்கம் கண்ணில் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். எந்தத் தீய எண்ணமும் இல்லாமலேயே தேவையற்ற சிகிச்சை நடக்கும் என்றால், அதோடு பண ஊக்கமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் அடுத்த கேள்வி.

பணம் வரும் வழி

மில்டன் ரோமர் என்ற பொது சுகாதார ஆய்வாளரின் பெயரில் ஒரு விதி உண்டு. கட்டில் போட்டால் அதில் ஆள் படுப்பார். இன்சூரன்ஸ் பணம் கொடுக்கும் சூழலில் படுக்கைகளைக் கூட்டினால், ஊரில் நோய் கூடாமலேயே படுக்கைகள் நிரம்பும் என்பதை 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் சுட்டிக்காட்டினார். ஸ்கேன் கருவிக்கும் இதே கதைதான். கோடிக்கணக்கில் கடன் வாங்கிப் போட்ட கருவி சும்மா நின்றால் வட்டி சும்மா நிற்காது.

ஆஸ்பத்திரிக்குப் பணம் எந்த வழியில் வருகிறது என்று தெரிந்தால், அங்கே எந்தப் பக்கம் சாய்வு இருக்கும் என்பதை ஏறக்குறைய ஊகித்துவிடலாம்.

1. ஒவ்வொரு சேவைக்கும் தனிக் கட்டணம். செய்யச் செய்ய வருமானம். சாய்வு அதிகப்படியான சிகிச்சையை நோக்கி.

2. நோய்க்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை, பேச்சுவழக்கில் 'பேக்கேஜ்'. முதியோருக்கான அமெரிக்க அரசின் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் 1983-ல் இந்த முறைக்கு மாறியது. செலவு குறைந்தால் லாபம். எனவே சீக்கிரம் டிஸ்சார்ஜ் செய்யும் சாய்வும், நோயைக் கொஞ்சம் கனமான பெயரில் பதிவு செய்யும் சாய்வும் வரும்.

3. ஆள் தலைக்கு வருடத்துக்கு இவ்வளவு. நோயாளி வராமல் இருப்பதே லாபம். நோய்த் தடுப்பில் அக்கறை பிறக்கும். கூடவே, செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடும் ஆபத்தும்.

4. நிலையான மாதச் சம்பளமும் அரசு ஒதுக்கீடும். கூடுதலாகச் செய்யத் தூண்டுதல் இல்லை. ஆனால் வேகமாகச் செய்யவும் தூண்டுதல் இல்லை. வரிசை நீளும்.

சாய்வே இல்லாத முறை என்று ஒன்று கிடையாது. 'தனியார் என்றால் கொள்ளை, அரசு என்றால் அலட்சியம்' என்ற பழைய சண்டை இந்த நான்கையும் இரண்டு பெட்டிக்குள் திணிக்கப் பார்க்கிறது. அதைவிடப் பயனுள்ள கேள்வி வேறு. இந்த முறையில் சாய்வு எந்தப் பக்கம், அதைச் சமன் செய்ய என்ன வைத்திருக்கிறார்கள்? ஒரு டாக்டரின் மாத வருமானம் அவர் எழுதிக்கொடுக்கும் பரிசோதனைகளின் எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருந்தால், அதற்கு 'நலன் முரண்' என்று பெயர். அவர் நல்லவரா கெட்டவரா என்பது அப்புறம். நூறு பேரில் தொண்ணூறு பேர் அந்தக் கயிற்றை அறுத்துக்கொண்டு நேர்மையாக நடந்தாலும், எந்தப் பத்துப் பேர் அப்படி இல்லை என்பது நோயாளிக்குத் தெரியாது. அதனால் நூறு பேரையும் சந்தேகிப்பார்.

ஆஸ்பத்திரியை நிர்வகிப்பது ஏன் இவ்வளவு கடினம்

தொழிற்சாலையில் மேலாளர் சொன்னால் வேலை நடக்கும். ஆஸ்பத்திரியில் அதிகாரம் இரண்டு கோடுகளாக ஓடுகிறது. நிர்வாகிக்குக் கட்டிடம், பணம், ஆட்கள் மீது அதிகாரம். டாக்டருக்கு சிகிச்சை முடிவு மீது அதிகாரம். செலவில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது டாக்டரின் பேனா, கணக்குச் சொல்ல வேண்டியவர் நிர்வாகி. இந்த இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் நிற்பவர் நர்ஸ். இருவரும் சொல்வதைக் கேட்க வேண்டும், இருவரிடமும் எதிர்த்துப் பேசும் இடம் குறைவு.

நெருக்கடி வந்தால் முதலில் வெட்டு விழுவதும் அங்கேதான். காரணம், நர்ஸ் சம்பளம் கணக்கில் பெரிய வரி, ஆள் குறைந்ததன் பலனோ உடனே கண்ணில் படாது. நர்சிங் ஆய்வாளர் லிண்டா எய்க்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. அந்த 7 சதவீதம் எந்த நிதி அறிக்கையிலும் தனி வரியாக வராது. சேமித்த சம்பளம் மட்டும் வரும்.

இலக்கு துரத்தும்போது: ஸ்டாஃபோர்ட்

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் நடந்தது நிர்வாகம் படிப்பவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. அதை நடத்திய மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் அமைப்பு, கூடுதல் சுயாட்சி தரும் 'ஃபவுண்டேஷன் டிரஸ்ட்' அந்தஸ்தைப் பெற விரும்பியது. அதற்குப் பணக்கணக்கு சரியாக இருக்க வேண்டும். 2006-ஐ ஒட்டி ஒரு கோடி பவுண்ட் மிச்சப்படுத்தப் புறப்பட்டார்கள், ஏராளமான பணியிடங்களைக் குறைத்தார்கள். அவசரப் பிரிவுக்கு வந்தவரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்ற தேசிய இலக்கு வேறு தலைக்கு மேல்.

வார்டுகளில் முதியவர்கள் தண்ணீர் கேட்டுக் கிடந்தார்கள். அழுக்கான படுக்கையில் மணிக்கணக்கில் விடப்பட்டார்கள். வலி மருந்து தாமதமாக வந்தது. அவசரப் பிரிவில் நேரத்தைத் திருத்தி எழுதியதும் பின்னர் வெளியே வந்தது. இத்தனைக்கும் நடுவில், 2008 பிப்ரவரியில், அந்த அமைப்புக்குக் கேட்ட அந்தஸ்து கிடைத்தது! காகிதத்தில் எல்லாம் பச்சை. ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணை 2013 பிப்ரவரியில் அறிக்கை தந்தபோது அதில் 290 பரிந்துரைகள் இருந்தன.

இதில் கவனிக்க வேண்டியது, தகவல் இல்லாமல் இது நடக்கவில்லை. நோயாளிகளின் குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள், ஊழியர்களும் சொல்லிப் பார்த்தார்கள். ஆனால் நிர்வாகக் குழு பார்த்த அட்டவணையில் தாகத்துக்கு ஒரு கட்டம் இல்லை. எதை அளக்கிறோமோ அது சரியாகும். அளக்காதது அந்தச் செலவில் கெடும். நல்ல எண்ணத்தோடு வைத்த இலக்கும் இப்படி ஆகிவிடலாம். நான்கு மணி நேர இலக்கு தன்னளவில் நியாயமானதுதான்.

தவறு என்பது என்ன, மறைப்பு என்பது என்ன

1999-ல் அமெரிக்காவின் 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்' என்ற ஆய்வு அமைப்பு, அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் தடுத்திருக்கக்கூடிய தவறுகளால் வருடத்துக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. அந்த எண்ணிக்கையைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் அறிக்கையின் மையமான வாதம் நிலைத்துவிட்டது: பெரும்பாலான தவறுகள் மோசமான ஆட்களால் நடப்பவை இல்லை, மோசமான ஏற்பாடுகளால் நடப்பவை.

வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து நல்ல உதாரணம். அதை ரத்தக் குழாயில்தான் செலுத்த வேண்டும். முதுகுத் தண்டுவட நீரில் செலுத்தினால் அநேகமாக மரணம்தான். அதே நோயாளிக்கு அதே நாளில் வேறொரு மருந்தை முதுகுத் தண்டில் போட வேண்டியிருக்கும். இரண்டும் ஒரே மாதிரி சிரிஞ்சில் இருக்கும். பல நாடுகளில், பல வருடங்களில், நன்கு படித்த டாக்டர்கள் இதே தவறைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். எச்சரிக்கை ஒட்டினார்கள், பயிற்சி கொடுத்தார்கள், தண்டனையும் கொடுத்தார்கள். உண்மையில் உதவியது வேறு. வின்கிரிஸ்டினை சிரிஞ்சில் தராமல், சிறிய திரவப் பையில் கலந்து தருவது. பையை முதுகு ஊசியில் யாரும் மாட்டப் போவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2007-ல் இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது.

தண்டனையை மட்டும் நம்பினால் இந்தப் பை கிடைத்திருக்காது. ஏனென்றால் தண்டனை இருக்கும் இடத்தில் தவறு வெளியே வராது, வெளியே வராத தவறிலிருந்து யாரும் கற்க முடியாது. விமானத் துறை இதைச் சீக்கிரம் புரிந்துகொண்டது. அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தங்கள் தவறுகளை விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பிடம் அல்லாமல் நாசாவிடம் ரகசியமாகத் தெரிவிக்கலாம். அதற்காக யாரும் வேட்டையாடப்படுவதில்லை. விமானி தானும் அதே விமானத்தில் இருக்கிறார் என்பதும் அந்தப் புரிதலுக்கு உதவியிருக்கும்.

சரி, அப்படியானால் யாருக்குமே பொறுப்பு இல்லையா? இருக்கிறது. கைதவறுவது வேறு, தெரிந்தே விதியை மீறுவது வேறு, நடந்ததை மறைப்பது முற்றிலும் வேறு. மூன்றையும் ஒரே தராசில் வைக்கும் நிர்வாகம், கைதவறியவரையும் மறைக்கக் கற்றுக்கொடுக்கிறது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் இதன் உச்சம் தெரிந்தது. அங்கே 1980-களின் நடுவிலிருந்து குழந்தைகளுக்கான இதய அறுவை சிகிச்சை நடந்துவந்தது. 1988-ல் சேர்ந்த மயக்க மருந்து நிபுணர் ஸ்டீஃபன் போல்சின், இங்கே குழந்தைகள் அதிகம் இறக்கிறார்கள் என்று உணர்ந்து, தானே கணக்கெடுத்தார், மேலே சொன்னார். அறுவை சிகிச்சைகள் 1995 வரை தொடர்ந்தன. பிறகு இயன் கென்னடி தலைமையில் நடந்த பொது விசாரணையின் அறிக்கை 2001-ல் வந்தது. 1991 முதல் 1995 வரை, இதே மாதிரியான மற்ற மையங்களோடு ஒப்பிட்டால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 30 முதல் 35 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்றது அது. திறமைக் குறைவு ஒரு பக்கம். அதைச் சொன்னவரின் பேச்சு எங்கும் ஏறவில்லை என்பது இன்னொரு பக்கம். விசாரணை அதிகம் கவலைப்பட்டது இரண்டாவதைப் பற்றி.

உண்மையைச் சொன்னால் வழக்கு குவியாதா?

ஆஸ்பத்திரி வக்கீல்களின் வழக்கமான அறிவுரை 'எதையும் ஒத்துக்கொள்ளாதே' என்பது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவ அமைப்பு 2001 வாக்கில் இதைத் தலைகீழாக்கியது. தவறு நடந்தால் தானே சொல்வது, மன்னிப்புக் கேட்பது, நியாயமான இழப்பீட்டைத் தானே முன்வந்து தருவது, தவறு இல்லாத இடத்தில் உறுதியாக வாதாடுவது. 2010-ல் வெளியான ஆய்வின்படி, ஒரு லட்சம் நோயாளி வருகைகளுக்கு மாதம் 7.03 ஆக இருந்த புதிய இழப்பீட்டுக் கோரிக்கைகள் 4.52 ஆகக் குறைந்தன. நீதிமன்றம் போன வழக்குகள் 2.13-லிருந்து 0.75 ஆயின. பிரச்சினை தீர ஆகும் காலமும் குறைந்தது.

இதே காலத்தில் அந்த மாநிலத்தில் வழக்குகள் பொதுவாகவே குறைந்துவந்தன. எனவே பெருமை முழுவதையும் இதற்கே கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் 'சொன்னால் நாசமாகிவிடுவோம்' என்ற பயம் நிஜமாகவில்லை என்பது உறுதி. இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட் விசாரணைக்குப் பிறகு, கடுமையான பாதிப்பை நோயாளியிடம் தெரிவிப்பது 2014 நவம்பர் முதல் அரசு மருத்துவ அமைப்புகளுக்குச் சட்டக் கடமை ஆக்கப்பட்டது.

பொது சுகாதாரத்தில் அதே சிக்கல், பெரிய அளவில்

2016 ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு டெங்வேக்சியா என்ற டெங்கு தடுப்பூசியைப் போடத் தொடங்கியது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் போட்டுக்கொண்டார்கள். 2017 நவம்பர் கடைசியில், முன்பு டெங்கு வராதவர்களுக்கு இந்தத் தடுப்பூசிக்குப் பிறகு டெங்கு வந்தால் அது கடுமையாக இருக்க வாய்ப்புண்டு என்று தயாரிப்பாளரான சனோஃபி அறிவித்தது. திட்டம் நின்றது. அரசியல் சண்டை, நீதிமன்றம், தொலைக்காட்சியில் அழும் பெற்றோர் என்று கிளம்பியது.

'தடுப்பூசி முக்கியம்' என்பதை உறுதியாக ஒப்புக்கொண்டவர்கள் அந்நாட்டில் 2015-ல் 93 சதவீதம். 2018-ல் 32 சதவீதம். கேள்வி டெங்கு ஊசியைப் பற்றி மட்டும் இல்லை, எல்லாத் தடுப்பூசியையும் பற்றி. 2019-ல் தட்டம்மை பெரிய அளவில் பரவியது. அதே வருடம் போலியோவும் திரும்பி வந்தது.

இந்த ஆபத்து பற்றிய சந்தேகங்களை நிபுணர்கள் சிலர் முன்கூட்டியே எழுப்பியிருந்தார்கள். 'இதுவரை தெரிந்தது இது, தெரியாதது இது, தெரிந்தவுடன் சொல்வோம்' என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் ஊசி போட்டவர்கள் குறைந்திருப்பார்கள், உண்மைதான். ஆனால் பிறகு வந்த செய்தி துரோகமாகத் தெரிந்திருக்காது. உறுதியைக் கடன் வாங்கிப் பேசும் நிர்வாகங்கள் அதை வட்டியோடு திருப்பிக் கட்டுகின்றன. கட்டுவது பெரும்பாலும் வேறொரு நோய்க்கான திட்டம்.

எல்லாவற்றையும் வெளியிட்டால் போதுமா?

போதாது. 1990-களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலம் இதய பைபாஸ் அறுவை சிகிச்சையில் இறப்பு விகிதத்தை ஆஸ்பத்திரி வாரியாகவும், பிறகு டாக்டர் வாரியாகவும் வெளியிட ஆரம்பித்தது. இறப்பு குறைந்தது. கூடவே ஒரு புகாரும் வந்தது: எண்ணிக்கை கெடுமே என்று, பிழைக்க வாய்ப்புக் குறைந்த நோயாளிகளைச் சில டாக்டர்கள் தொடத் தயங்குகிறார்கள் என்று. இரண்டுமே ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம். நோயாளியின் கடுமையைக் கணக்கில் எடுக்காத தரவரிசைப் பட்டியலைப் பார்த்தால், அதை நம்புவதைவிடக் கிழித்துப் போடுவது மேல்.

சரிபார்ப்புப் பட்டியலின் கதை இன்னும் சுவையானது. அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சரியான நோயாளியா, சரியான பக்கமா, பஞ்செல்லாம் எண்ணியாயிற்றா என்று குழுவாகச் சொல்லிப் பார்க்கும் 19 அம்சப் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் உருவாக்கியது. எட்டு நகரங்களில் சோதித்து 2009-ல் வந்த முடிவில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆக இறங்கியிருந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் அதை 2010-ல் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் கொண்டுவந்தது. கிட்டத்தட்ட 100 சதவீதம் கடைப்பிடிக்கிறோம் என்று ஆஸ்பத்திரிகள் அறிக்கை கொடுத்தன. 101 ஆஸ்பத்திரிகளின் கணக்கைப் பார்த்து 2014-ல் வந்த ஆய்வில், இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை!

இதற்கு எதிர்ப்பக்கம் மீண்டும் மிச்சிகன். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பீட்டர் புரோனோவோஸ்ட் ஐந்து அம்சப் பட்டியலைக் கொண்டுவந்தார். ரத்தக் குழாயில் குழாய் செருகும் முன் கை கழுவுவது போன்ற சாதாரண விஷயங்கள்தான். ஆனால் ஒரு படியைத் தவறவிட்டால் டாக்டரை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நர்ஸுக்குக் கொடுக்கப்பட்டது, நிர்வாகம் அதற்குப் பின்னால் நின்றது. 1,000 குழாய் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் அது ஒரு குழாய் நாள்) 2.7 என்றிருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்று மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. காகிதம் இரண்டு இடத்திலும் இருந்தது. ஒன்டாரியோவில் மாற்றம் வராததற்கு ஆராய்ச்சியாளர்கள் பல விளக்கங்கள் சொல்கிறார்கள். எனக்கு நம்பத்தகுந்ததாகப் படுவது, கட்டத்தில் டிக் போடுவதையும் 'நிறுத்துங்கள், டாக்டர்' என்று சொல்ல முடிவதையும் ஒன்றாக எண்ணிவிட்டார்கள் என்பதே.

அடுத்த செய்தி வரும்போது கேட்க வேண்டியவை

1. இந்தத் தவறு முதல் முறையா, ஏற்கெனவே வேறெங்கோ நடந்ததா? நடந்திருந்தால் அதைத் தடுக்கும் ஏற்பாடு ஏன் இங்கே வரவில்லை? ஒருவரை வேலைநீக்கம் செய்ததோடு விஷயம் முடிந்துவிட்டால், அந்த சிரிஞ்ச் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று அர்த்தம்.

2. அன்று அந்த ஷிப்டில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும்?

3. செய்த சிகிச்சைக்கும் செய்தவரின் வருமானத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டா?

4. குடும்பத்துக்கு யார் சொன்னார்கள்? ஆஸ்பத்திரி தானாகச் சொன்னதா, செய்தியாளர் கேட்ட பிறகா?

5. உள்ளே முதலில் கவனித்தவர் யார், அவருக்கு என்ன ஆனது? செய்திகளில் அநேகமாக விட்டுப்போகும் கேள்வி இது. ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் மற்ற எல்லாரும் விடையைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த முறை வாய் திறப்பதா வேண்டாமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். பிரிஸ்டலில் கணக்கெடுத்த போல்சின் சில வருடங்களில் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பி ஆஸ்திரேலியாவில் வேலைக்குச் சேர்ந்தார்.